வெளிச்சத்துல பாத்துடலாம்

மேட்சிங் சென்டர்காரர் மகன் குழுவில் இருக்கும்போது கலர் வேலையை வேறு யாரிடம் கொடுப்பார்கள்? ரூஹி யோசிக்கவே இல்லை. "எழுத்து நான், அனிமேஷன் மகேஷ், கலர் ராம்குமார். முடிஞ்சுது, டீ சொல்லு" என்று கான்டீன் மேசையில் ஒரு தட்டு தட்டினாள். ராம்குமார் தலையாட்டினான். வேறு என்ன செய்வான், பாவம்! அந்த மேசையில் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒரே ஆள் அவன்தான்.

தலைப்பைக் கேட்டால் இன்னும் வயிறெரியும். தரமணியில் இருக்கும் அந்தக் கல்லூரியில் கடைசி வருட மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து இரண்டு நிமிட அனிமேஷன் விளக்கப்படம் ஒன்று செய்ய வேண்டும். ரூஹி எடுத்துக்கொண்ட விஷயம், நிறக்குருடு உள்ளவர்கள் இணையதளங்களில் படும் பாடு. டிக்கெட் எடுக்கப் போனால் காலி இருக்கை பச்சையாம், நிரம்பியது சிவப்பாம். விண்ணப்பத்தில் தப்பு இருந்தால் கட்டத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு மட்டும் வருமாம். அந்தச் சிவப்பே தெரியாதவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதினால், ஒரு குறி போட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? இதைப் பேச ஆரம்பித்தாலே ரூஹிக்கு மூக்கு விடைக்கும். ராயப்பேட்டைக்காரி, கோபம் வந்தால் நிறுத்த ஆள் கிடையாது.

படத்தின் முதல் வரியையும் அவள்தான் எழுதினாள். "இந்த அரங்கில் இருபது ஆண்கள் இருந்தால் அவர்களில் ஒருவருக்காவது இது இருக்கலாம். அவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்." ஒத்திகையில் அவள் அதைப் படிக்கும்போதெல்லாம் ராம்குமார் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொள்வான். அதோடு விட்டாளா? நிறக்குருடு உள்ள யாராவது படத்தைப் பார்த்துக் கருத்துச் சொன்னால் பிரியாணி வாங்கித் தருவதாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேறு போட்டாள். மற்ற இருவரும் போட வேண்டும் என்றாள். ராம்குமாரும் போட்டான். ஒரு வாரம் பார்த்தார்கள், ஒருத்தரும் வரவில்லை. பிரியாணிக்குக்கூட ஆள் வராத ஊர் என்று ரூஹி அலுத்துக்கொண்டாள்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்பது சுலபம். ராம்குமாரின் அப்பா அய்யாதுரைக்கு தி.நகரில், ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் கடை. மனைவி பெயரில் 'புஷ்பம் மேட்சிங் சென்டர்'. பெண்கள் புடவையைப் பையில் போட்டு எடுத்து வருவார்கள், அதே நிறத்தில் ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். தரையிலிருந்து கூரை வரைக்கும் ரேக், ரேக் முழுக்கத் துணி. பச்சையில் மட்டும் ஒரு சுவர். அந்தத் தொழிலில் நிறத்தைத் தவிர வேறு சரக்கே கிடையாது. "கண்ணுதான்டே முதல். மத்ததெல்லாம் பொறவு" என்பார் அய்யாதுரை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் அவர் பேச்சு மட்டும் மாறவில்லை.

இப்போது மயிலாப்பூரில் இரண்டாவது கடை. இடம் பார்த்து முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ராம்குமார் படிப்பை முடித்ததும் அவன்தான் அங்கே உட்காரப் போகிறான் என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அந்தக் கடை ராம்குமாருக்கு வேண்டும், ரொம்ப வேண்டும். கஞ்சி போட்ட புதுத்துணி வாசனையும், மாமியாரும் மருமகளும் ஒரே புடவையை வைத்துக்கொண்டு இரண்டு கலர் பெயர் சொல்லிச் சண்டை போடுவதும், கத்திரி சரக்கென்று துணியில் ஓடும் சத்தமும் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஆனால் மேட்சிங் சென்டர் முதலாளிக்கு நிறம் தெரியாதென்றால் ஊர் சிரிக்காதா? அப்பாவுக்குத் தெரிந்த மறுநிமிஷம் மயிலாப்பூர் கடை செம்பியனுக்குப் போய்விடும். செம்பியன் பெரியப்பா மகன், பல வருஷமாகக் கடையிலேயே நிற்கிறான், நல்ல கண். அவனுக்கும் ஆசை இல்லாமல் இருக்குமா?

பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் புள்ளி புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி, அதில் தெரியும் எண்ணைக் கேட்டார்கள். ராம்குமாருக்குப் புள்ளிதான் தெரிந்தது. பின்னால் நின்ற பையன் கிசுகிசுத்த எண்ணைச் சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை, அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கடையில் அவன் பிழைப்பு நடத்திய விதம் தனி. புடவையை விரிப்பான், "அக்கா, இதை நீங்க என்ன கலர்னு சொல்வீங்க?" என்று கேட்பான். "பாசிப்பச்சை" என்பார்கள். பாசிப்பச்சை எந்த ரேக்கில் எந்தத் தட்டில் இருக்கிறதென்று அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். நாலைந்து துணியை எடுத்துக்கொண்டு, "வாங்கக்கா, வெளிச்சத்துல பாத்துடலாம்" என்று வாசலுக்குக் கூட்டிப்போய்விடுவான். வெயிலில் வைத்துப் பார்த்து அவர்களே சரி என்று சொன்ன பிறகுதான் கத்திரியை எடுப்பான்.

இதைப் பார்த்து அய்யாதுரைக்குப் பெருமை தாங்காது. "எங்க பய டியூப் லைட்டை நம்ப மாட்டான். வெளிச்சத்துலதான் பாப்பான். அதாம்யா தொழில்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். கேட்கும்போதெல்லாம் ராம்குமாருக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும்.

குழுவிலும் அப்படித்தான் ஓட்டினான். கணினியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் உண்டு. எண் பொய் சொல்லாது. இந்தச் சிவப்புக்கு இந்த எண், இந்த இலைப்பச்சைக்கு இந்த எண் என்று மனப்பாடம் செய்து போட்டான். "என்னா கண்ணுடா உனக்கு!" என்று ரூஹி மெச்சினாள். போதுமடா சாமி, இது ஒன்று முடிந்தால் போதும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

படத்தைத் திரையிட வேண்டிய அன்று காலையில் ரூஹியிடமிருந்து போன் வந்தது. "டேய், அந்தக் கடை சீன் ரொம்ப வேகமா ஓடுது, கண்ணுல நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு பக்கத்தையும் மெதுவா ஓட்டி மறுபடி எடுத்துட்டு வந்துடு. மகேஷ் லேப்ல கோத்துடுவான்."

கடை சீன்தான் படத்தின் உயிர். ஒரு மேட்சிங் சென்டர் ரேக்கை வரைந்து, திரையை நடுவில் பிரித்திருந்தார்கள். இடது பக்கம் 'பெரும்பாலோர் பார்ப்பது', வலது பக்கம் 'சிவப்பு பச்சை பிரிந்து தெரியாதவர் பார்ப்பது'. வலது பக்கத்துக்காக நிறத்தை மாற்றிக் காட்டும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் வழியாக ஓட்டினால் சிவப்பும் பச்சையும் செத்து மண்ணும் மஞ்சளுமாகிவிடும் என்று ரூஹி சொல்லித்தான் ராம்குமாருக்குத் தெரியும். அவன் கண்ணுக்கு இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்றுதான்.

கல்லாவுக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலையை முடித்தான். இரண்டு கோப்புகளும் வந்து நின்றன. மேலே நிற்பது இடது, கீழே நிற்பது வலது. பெயர் மாற்றுவதுதான் பாக்கி. அதற்குள் கல்யாண வீட்டுக் கும்பல் ஒன்று கடைக்குள் நுழைந்தது. "ஏலே ராமு, வந்து பாருலே" என்று அய்யாதுரை கூப்பிட்டார். போனான், பெயர் கேட்டான், ரேக்கில் ஏறினான், வாசலுக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்தபோது மடிக்கணினி மூடிக் கிடந்தது, அதன்மேல் துணி குவிந்து கிடந்தது. திறந்தால் கோப்புகள் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நின்றன. படமாக ஓட்டி எடுத்த பிறகு நிறத்தின் எண்ணையும் பார்க்க முடியாது. மேலே இருந்ததுதான் முதலில் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெயர் வைத்தான், பென்டிரைவில் ஏற்றினான். சார்ஜ் செத்துக்கொண்டிருந்த கணினியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான். அய்யாதுரை அன்றைக்கு என்னவோ தேய்த்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். "நல்லா பண்ணுலே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

கோட்டூர்புரம் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. அங்கேதான் சந்தேகம் வந்தது. மேலே இருந்தது உண்மையிலேயே முதலில் வந்திருக்குமா? செம்பியனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, என் லேப்டாப்பைத் தொட்டீங்களா?"

"துணி விரிக்க எடமில்லன்னு மூடி வச்சேன்டே. மூடும்போது எதோ அமுங்கிட்டு, அதுல இருந்ததெல்லாம் எடம் மாறிச்சு. ஏன், கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே. ஒண்ணுமில்ல."

ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்த இரண்டையும் திறந்து, எது பளிச்சென்று இருக்கிறது, அதற்கு என்ன பெயர் இருக்கிறது என்று கேட்டால் செம்பியன் ஒரு நொடியில் சொல்லிவிடுவான். ஆனால் அடுத்த நொடி, "ஏன்டே, உனக்குத் தெரியலியா?" என்று கேட்பான். கேட்டுவிட்டு அப்பா இருக்கும் பக்கம் திரும்புவான். ராம்குமார் "வைக்கிறேண்ணே" என்று போனை வைத்துவிட்டான். கோழை, கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். பஸ் நகர்ந்தது.

லேபில் மகேஷ் கணினிக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நொச்சிக்குப்பத்துப் பையன். அவன் அம்மா கடற்கரைச் சாலை ஓரத்தில் மீன் விற்கிறாள். இன்றைக்கு நடுவராக வருகிறவர் நல்ல படம் செய்த பையன்களைத் தன் நிறுவனத்துக்கு எடுப்பார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பென்டிரைவைப் பிடுங்கிச் செருகினான். பழைய கோப்புகள் இருந்த இடத்தில் அதே பெயரில் புதியவை தானாகவே போய் உட்கார்ந்துகொண்டன. படம் கோத்து முடிக்கும் வேலை ஓட ஆரம்பித்தது.

"மச்சி, ஒரு தபா அந்த சீனை மட்டும் ஓட்டிப் பாத்துடேன்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் இன்னாடா? மேட்சிங் சென்டர் கண்ணு பாத்தாச்சு, அதுக்கு மேல நான் இன்னாத்த பாக்கப் போறேன்? ரெண்டர் போய்க்கினு கீது. இப்ப கை வெச்சா மெஷின் தொங்கிடும். சும்மா இரு நைனா."

இன்னொரு முறை சொல்ல முடியுமா? சொன்னால் ஏன் என்பான். திரையில் பச்சையோ என்னவோ ஒரு கோடு மெதுவாக நீண்டுகொண்டே போனது. ராம்குமார் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கோடு முடிந்த அதே நேரம் ரூஹி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அடுத்தது நாமதான்! எடு, எடு!" என்று கத்தினாள். மூவரும் ஓடினார்கள்.

அரங்கத்தில் நுழைந்ததும் ராம்குமாரின் கால் நின்றுவிட்டது. மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை. அய்யாதுரை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாக வந்தவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சர்ப்ரைஸ்!" என்று ரூஹி அவன் காதில் சொன்னாள். "நம்ம சீனுக்கு அங்கிள் கடைதானே மாடல்? நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன். கடைசில நன்றின்னு அவர் பேர் வருது. எப்படி?"

எப்படியா! ராம்குமார் வாயெடுப்பதற்குள் விளக்குகள் அணைந்தன.

"இந்த அரங்கில் இருபது ஆண்கள் இருந்தால்..." என்று ரூஹியின் குரல் ஆரம்பித்தது. ஒளிவட்டங்கள் வந்தன, எழுத்துகள் பறந்தன. மகேஷின் பொம்மைப் பெண் ஒருத்தி புடவைப் பையோடு கடைக்குள் நுழைந்தாள். திரை நடுவில் பிரிந்தது. ராம்குமார் கண்ணை அகல விரித்துப் பார்த்தான். இடது பக்கம் ரேக். வலது பக்கம் அதே ரேக். எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒன்று. சரியாக இருக்கிறதா, தப்பாக இருக்கிறதா? கடவுளே, அவனுக்குத் தெரியவில்லை.

அதனால் திரையை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தான். முதல் வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். ரூஹி, "அல்லா!" என்றாள். படம் தப்பாக ஓடுகிறதென்று அந்தக் கையையும் அந்தக் குரலையும் வைத்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. பெரும்பாலோர் பார்ப்பது என்ற எழுத்துக்குக் கீழே செத்துப்போன ரேக், பிரிந்து தெரியாதவர் பக்கத்தில் பளபளவென்று கல்யாணக் கலர்கள். நிறத்தைப் பற்றிப் பாடம் நடத்த வந்த படம் நிறத்திலேயே கவிழ்ந்துவிட்டது.

விளக்கு எரிந்தது. நடுவராக வந்த அம்மாள் இணையதளங்களைச் சோதித்துப் பார்க்கும் நிறுவனம் ஒன்றில் உயரதிகாரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மைக்கை எடுத்தார்.

"இடது வலது மாறியிருக்கே. வேணும்னே செஞ்சதா?"

"இல்ல மேம்" என்றாள் ரூஹி. அவள் குரல் நடுங்கி இதுவரை யாரும் கேட்டதில்லை. "டெக்னிக்கல் மிஸ்டேக்."

"மூணு பேர் வேலை செஞ்சிருக்கீங்க. நிறத்தைப் பத்தின படம். சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். ஒருத்தர் கண்ணுலயும் படலையா? கடைசியா யார் பாத்தது?"

ரூஹி ராம்குமாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். அவன் வாயைத் திறப்பதற்குள் மகேஷ் ஓரடி முன்னால் வந்துவிட்டான். "என் தப்பு மேம். அவசரத்துல நான்தான் ஃபைலை மாத்திப் போட்டுட்டேன்."

பச்சைப் பொய்! வந்த பெயரிலேயே அப்படியே ஏற்றியவன் அவன். நண்பன் தலைகுனிய வேண்டாம் என்று, அதுவும் அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம் என்று, தலையை நீட்டிவிட்டான். நடுவர் பேனாவை எடுத்தார். "உங்க பேரு?"

"மகேஷ், மேம்."

அவர் எழுத ஆரம்பித்தார். சும்மா இருந்தால் போதும். நிறம் தெரியாத விஷயம் யாருக்கும் தெரியாமலே இருக்கும், மயிலாப்பூர் கடை இருக்கும், மூன்றாவது வரிசையில் அந்த நிமிர்ந்த முதுகும் அப்படியே இருக்கும். மகேஷுக்கு மட்டும் எதுவும் இருக்காது. அந்தப் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் ராம்குமாருக்குக் கத்திரிச் சத்தம் போலக் கேட்டது. எட்டி மைக்கைப் பிடித்தான்.

"அவன் மாத்தல மேம். பேர் வெச்சது நான். பாத்துட்டுத்தான் வெச்சேன்." திரையைக் கையால் காட்டினான். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. இப்பவும் ஒண்ணாத்தான் தெரியுது. அந்த இருபதுல ஒருத்தன் நான்தான்."

மூன்றாவது வரிசையில் அய்யாதுரை எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி நடந்து, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ராம்குமாருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பெயர்களை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள் என்று நடுவர் சொன்னார், மகேஷ் மாற்றினான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மகேஷ் பெயரை எழுதிய இடத்தில் அவர் ஒரு கோடு கிழித்ததை மட்டும் ராம்குமார் நன்றாகப் பார்த்தான். வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் ரூஹி அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"அடப்பாவி! பிரியாணி போட்டு ஊரெல்லாம் தேடினோமே! பக்கத்துலயே உக்காந்துக்கினு நீயும் ஸ்டேட்டஸ் வெச்சியேடா!" கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் படமே வேற மாதிரி வந்திருக்கும். எங்களைப் பாத்தா உனக்கு அப்படி இன்னா பயம்?"

"உங்களைப் பாத்து இல்ல" என்றான் ராம்குமார். அவன் கண் கதவுப் பக்கமே இருந்தது.

"போடா, அங்கிளைப் போய்ப் பாரு. நாங்க இங்க பாத்துக்குறோம்" என்றான் மகேஷ்.

அய்யாதுரை கல்லூரி வாசலில் ஆட்டோ ஒன்றில் உட்கார்ந்திருந்தார். போகவில்லை, மகனுக்காகத்தான் நிறுத்தி வைத்திருந்தார். ஆனால் அவன் ஏறியபோது திரும்பிப் பார்க்கவில்லை. மத்திய கைலாஷ் சிக்னல் வந்தது. அங்கே வண்டி நின்றபோது, எதிரே இருந்த விளக்கைக் கையால் காட்டினார்.

"இது என்ன கலருலே?"

"சிவப்பு."

"எப்படித் தெரியும்?"

"மேல இருக்கு. அதனால."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கிண்டி வந்து சைதாப்பேட்டை தாண்டும்போது மறுபடி ஆரம்பித்தார். "அத்தனை பேருக்கு முன்னால மைக்ல சொல்ல வாய் வருது. பெத்த அப்பன்ட்ட சொல்ல வாய் வரலியோ? நான் என்ன உன்னை வெட்டியா போட்டுருவேன்?" ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தெரியாத ஆளுக்கெல்லாம் தெரிஞ்ச பொறவு எனக்குத் தெரியுது."

"கடை போயிடும்னு பயந்தேன்ப்பா."

அவர் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திரும்பிய முகம்தான் ராம்குமாரைக் கொன்றது. போய்விட்டது, கடை போய்விட்டது என்று அவன் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டான்.

கடையில் சாயங்காலக் கூட்டம் ஆரம்பித்திருந்தது. சந்துக்குள் இன்னும் வெயில் மிச்சம் இருந்தது. அவர்கள் நுழையும்போதே ஒரு பெண்மணி பையிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார். பழகிய பழக்கத்தில் ராம்குமார் கையை நீட்டினான். "செம்பியா, நீ பாரு" என்றார் அய்யாதுரை.

நீட்டிய கை அப்படியே நின்றது. செம்பியனே திகைத்துப்போனான். பட்டுப்புடவை வந்தால் ராம்குமார்தான் பார்ப்பான், அதுதான் வழக்கம். சித்தப்பா முகத்தைப் பார்த்தான். புடவையை ஒரு பார்வை பார்த்தான், ரேக்கிலிருந்து ஒரு துணியை உருவி மேலே வைத்தான். "அரக்கு. அப்படியே ஒட்டிக்கிட்டு பாத்தீயளா? ஒரு மீட்டர் வெட்டிரட்டுமா?"

பெண்மணி குனிந்து பார்த்தார். "சரின்னுதான் தோணுது. நாளைக்கே தைக்கக் குடுக்கணும், பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்" என்றார். செம்பியன் கத்திரியை எடுத்தான்.

"அக்கா, வெளிச்சத்துல பாத்துடலாம்."

வாயிலிருந்து வந்த பிறகுதான், பேசியது தான்தான் என்று ராம்குமாருக்கே உறைத்தது. செம்பியனுக்கு முகம் சிறுத்துவிட்டது. "நான் பாத்தாச்சுடே. அரக்குதான்."

"இருக்கும்ண்ணே. ஒரு தடவை வெயில்ல பாத்துட்டு வெட்டலாம். வெட்டிட்டா ஒட்ட முடியாதே."

ஒருத்தரும் அய்யாதுரையைப் பார்க்கவில்லை, ஆனால் எல்லாரும் அவர் வாய்க்காகக் காத்திருந்தார்கள். அதற்குள் ராம்குமார் புடவையையும் துணியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான், பெண்மணி பின்னால் போனார். மிச்சமிருந்த வெயிலில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தான். அவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே மங்கல்தான். அவன் துணியைப் பார்க்கவில்லை, அந்த அம்மாளின் முகத்தைத்தான் பார்த்தான்.

"ஐயய்யோ!" என்றார் அவர். "இது காபி கலர் அடிக்குதே! உள்ள நல்லா இருந்துச்சே!"

செம்பியன் வெளியே வந்து பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஆமாடே, பாக்குக் கலருல்லா இது. லைட்டு ஏமாத்திட்டு." ஓடிப்போய் வேறு மூன்று துணிகள் கொண்டுவந்தான். நல்லவன், அதில் அவனுக்கு வெட்கமில்லை. மூன்றாவது துணியை அந்த அம்மாள் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதான், இதான்" என்றார். அதை வெட்டி மடித்துப் பையில் போட்டு அனுப்பினார்கள்.

அய்யாதுரை கல்லாவில் உட்காராமல் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"எப்படிலே கண்டுபிடிச்ச?"

"கண்டுபிடிக்கலப்பா. எனக்குத் தெரியாது" என்றான் ராம்குமார். இனி மறைக்க என்ன இருக்கிறது? "என்னைக்குமே தெரியாது. தெரியாததுனாலதான் எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போறேன்."

அய்யாதுரை கடைக்குள் திரும்பி மேலே எரியும் டியூப் லைட்டை வெகுநேரம் பார்த்தார். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட விஷயம் இதுதானா? மகன் கத்திரி போட்ட துணி ஒன்றாவது திரும்பி வந்ததா என்று யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது. எண்ணுவதற்கு விரலை நீட்டி, ஒன்றைக்கூட மடக்காமலே விட்டுவிட்டார். தான் வெட்டியதில் எத்தனை திரும்பி வந்தது என்று அவருக்கே தெரியும். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பெயரைத் தேடினார்.

மயிலாப்பூர் கடை மேற்குப் பார்த்த வாசல். சாயங்கால வெயில் நேரே உள்ளே விழும், துணி வெளுத்துவிடும் என்று வாசலுக்கு மேலே வெயிலை மறைத்துத் தகரச் சார்ப்பு ஒன்று போடச் சொல்லியிருந்தார். நாளைக்கு ஆள் வருகிறது.

"நான்தான்யா, அய்யாதுரை" என்றார் போனில். "மயிலாப்பூர் வாசலுக்குத் தகரம் வேண்டாம். ஆமா, வேண்டாம்னுதான் சொல்லுதேன். வெளுத்தா வெளுத்துட்டுப் போகுது, திரை போட்டுக்கிடலாம். வாசல்ல வெளிச்சம் வேணும்யா. எம்பய உக்காருத கடை."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, மகனைப் பார்க்காமலே உள்ளே போனார். "என்னலே நிக்க? ஆள் வந்துருக்கு பாரு" என்று கல்லாவிலிருந்து சத்தம் போட்டார். ராம்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.